‘அல்சர்’ என்று தேடினால் இரைப்பைக்குத்தான் போவீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. போன வருஷம் மலத்தோடு ரத்தம் வர ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்து நாலு மாதம் லேகியம் சாப்பிட்டான், நிற்கவில்லை. அப்புறம் ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற கொலோனோஸ்கோபி செய்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். மெசலமைன் மாத்திரையும் ஆசனவாயில் வைக்கிற மருந்தும் கொடுத்தார்கள். மாத்திரையைப் போட்டான், வைக்கிற மருந்தைத் தொடவே இல்லை. ராத்திரி ஒரு மணி வரை போனில் இந்த நோயையே தேடிக்கொண்டிருக்கிறான். ஒருவர் பால் கூடாது என்கிறார், இன்னொருவர் மோர்தான் மருந்து என்கிறார், ஒருவர் மீனை விடச் சொல்கிறார், ஆங்கிலத்தில் படித்தால் கேன்சர், ஆபரேஷன், வயிற்றில் பை என்று வருகிறது. கடைசியில் ‘48 நாளில் குணம்’ என்று ஒரு வீடியோவைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ பொடி சாப்பிடுகிறான். 18 நாள் ஆகிறது. இப்போது நாளுக்கு நாலு தடவை போகிறான், லேசாக ரத்தமும் இருக்கிறது. தை மாதம் கல்யாணம் பேசி வைத்திருக்கிறோம். நெட்டில் எதைத்தான் நம்புவது? எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஓர் அக்கா, தண்டையார்பேட்டை

பதில்:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் தம்பியை இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, ஸ்கோப் செய்த டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 18 நாள் மாத்திரை போடவில்லை என்பதை அங்கே மறைக்க வேண்டாம். திட்டுவார் என்று பயந்து நிறையப் பேர் மறைக்கிறார்கள். திட்டு வாங்காமல் வரலாம், ஆனால் அவர் என்ன நினைப்பார்? மெசலமைன் போட்டும் கேட்கவில்லை, அடுத்த படிக்குப் போகலாம் என்று நினைத்து ஸ்டீராய்டு எழுதிவிடுவார். போட்ட மாத்திரை தோற்பதும் போடாத மாத்திரை தோற்பதும் ஒன்றில்லையே. சாப்பிடுகிற பொடியையும் அதன் டப்பாவோடு எடுத்துப் போங்கள்.

நாளுக்கு நாலு தடவை, லேசான ரத்தம் என்பது ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டிய நிலை இல்லை. ஆனால் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே 100 டிகிரியைத் தாண்டிக் காய்ச்சலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90-க்கு மேலோ இருந்தால், அல்லது வயிறு உப்பி வலித்தால், ஓ.பி. நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் மெடிக்கல் ஷாப்பில் லோபரமைடு வாங்கிப் போட்டுப் பேதியை அடைக்கப் பார்ப்பது ஆபத்து, பெருங்குடல் ஊதிப் பெருத்துவிடலாம். ஆறு தடவை, காய்ச்சல், நாடி என்கிற இந்தக் கணக்கு 1955-ல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு இங்கிலாந்து டாக்டர்கள் போட்டது. இன்றைக்கும் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியை நாங்கள் அந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறோம்.

சரி, இப்போது போன் விஷயம்.

தமிழில் தேடும் எல்லாரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. தம்பி எதைத் தட்டித் தேடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ‘அல்சர்’ என்றோ ‘குடல் புண்’ என்றோதான் இருக்கும். நம் ஊரில் அல்சர் என்றால் அது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ வருகிற புண். நேரத்துக்குச் சாப்பிடு, காரம் குறை, மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், வெறும் வயிற்றில் வெந்தயம் என்று வருகிற அத்தனையும் அந்தப் புண்ணுக்காகச் சொன்னவை. தம்பிக்கு வந்திருப்பது வேறு உறுப்பில், வேறு காரணத்தால். பெருங்குடலின் உள்தோலை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற அழற்சி இது. மலக்குடலில் தொடங்கி, விட்டுவிடாமல் தொடர்ச்சியாக மேலே ஏறும். இதற்கும் வயிற்று அமிலத்துக்கும் சம்பந்தமில்லை. பேரில் ‘அல்சரேட்டிவ்’ என்று ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டதால் பாதிப் பேர் இரைப்பைக்குப் போய்விடுகிறார்கள். ஆறு மாதம் அமில மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம் மூலம். இந்தப் பக்கத்துச் சுவர்களிலும் மின்சார ரயில் பெட்டிகளிலும் ‘மூலம், பவுத்திரம்’ ஸ்டிக்கர் இல்லாத இடம் ஏது? ரத்தம் வந்தால் மூலம் என்று மனசு தானாகவே போய்விடுகிறது, உங்கள் தம்பிக்கும் அப்படித்தான் நாலு மாதம் போயிருக்கிறது. மூன்றாவது குழப்பம் ஆங்கிலத்தில் தேடுபவர்களுக்கு வரும். ஐ.பி.எஸ். என்று ஒன்று, ஐ.பி.டி. என்று ஒன்று, கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். முதலாவதில் குடல் பார்க்க நன்றாகவே இருக்கும், அதன் இயக்கமும் உணர்ச்சியும்தான் தொல்லை. இரண்டாவதில் அழற்சி, புண், ரத்தம் எல்லாம் உண்டு, தம்பியின் நோய் இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது. ஐ.பி.எஸ். பக்கத்தில் ‘இதற்கு மன அழுத்தம்தான் காரணம், மருந்தே வேண்டாம்’ என்று படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் தேடுகிற சொல்லை முதலில் மாற்றுங்கள். தமிழில் ‘பெருங்குடல் அழற்சி’, ஆங்கிலத்தில் நோயின் முழுப் பெயர். வந்த பக்கத்தில் இரைப்பை, அமிலம், நெஞ்செரிச்சல் என்று பேச ஆரம்பித்தால் மூடிவிடலாம். அதை எழுதியவர் பொய் சொல்லவில்லை, வேறு நோயாளிக்குச் சொல்கிறார்.

அடுத்து, வீட்டு அலமாரியில் கிடக்கிற கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டை எடுங்கள். நெட்டில் படிக்கிற எதையும் விட முக்கியமான தகவல் அதில்தான் இருக்கிறது, ஆனால் அதைத்தான் யாரும் படிப்பதில்லை. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அதில் எழுதியிருப்பார்கள். ப்ராக்டைட்டிஸ் என்றால் மலக்குடலோடு நின்றிருக்கிறது. லெஃப்ட் சைடட் என்றால் இடது பக்கம் வரை. பான்கொலைட்டிஸ் அல்லது எக்ஸ்டென்சிவ் என்றால் பெரும்பகுதி. பக்கத்தில் மேயோ ஸ்கோர் என்று 0 முதல் 3 வரை ஓர் எண் இருக்கலாம், அது புண்ணின் கடுமை. இந்த இரண்டும் தெரியாமல் ‘கொலைட்டிஸ் வந்தால் என்ன ஆகும்’ என்று தேடினால், மலக்குடலில் மட்டும் லேசாக இருப்பவரும் பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி ஐ.சி.யு.வில் கிடந்தவரும் ஒரே பக்கத்தில் வந்து நிற்பார்கள். தம்பி பயந்து போன கேன்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலக்குடலோடு நின்ற நோய்க்கு அந்த அபாயம் மற்றவர்களைவிடச் சொல்லும்படி அதிகமில்லை. மேலே வரை பரவியவர்களுக்கு, அதுவும் பல வருஷம் ஆனபின்தான் கூடுகிறது, அதனால்தான் நோய் தொடங்கி எட்டு வருஷத்தில் ஒரு கண்காணிப்பு ஸ்கோப் செய்யச் சொல்கிறோம். போன வருஷம்தான் நோய் தொடங்கிய 27 வயதுப் பையன் ராத்திரி ஒரு மணிக்குப் படிக்க வேண்டிய விஷயமே இல்லை அது.

இந்தப் பயத்தில் என் பங்கும் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண்ணுக்கு, நன்றாகப் படித்தவர், ‘இதைப் படியுங்கள்’ என்று ஒரு தரமான வெளிநாட்டுப் பக்கத்தின் லிங்க்கை அனுப்பினேன். பக்கத்தில் தவறே இல்லை. ஆனால் சிகிச்சை முறைகள் வரிசையில் கடைசியாக, பெருங்குடலை எடுத்துவிடுகிற ஆபரேஷன் படத்தோடு இருந்தது. அவருக்கு அது வேண்டிய நிலையே இல்லை. நாலு மாதம் அவர் என் பக்கமே வரவில்லை. அதிலிருந்து லிங்க் மட்டும் அனுப்புவதை விட்டுவிட்டேன், ‘இந்தப் பகுதி உங்களுக்கு, இது உங்களுக்கு இல்லை’ என்று சேர்த்துச் சொல்கிறேன். தம்பியின் டாக்டரிடம் நீங்களும் அதைக் கேட்கலாம்.

இனி எங்கே படிப்பது. ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால் எனக்கு நம்பிக்கையான இடங்கள் நாலைந்து உண்டு. அமெரிக்காவின் க்ரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் ஃபவுண்டேஷன், 1967-ல் தொடங்கியது. பிரிட்டனின் க்ரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் யு.கே., 1979-ல் நோயாளிகளே சேர்ந்து தொடங்கியது. களைப்பு, பயணம், வேலை, கர்ப்பம் என்று வாழ்க்கையோடு ஒட்டிய விஷயங்களுக்கு இதுதான் எனக்குப் பிடித்தது. அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். பக்கம் சுருக்கமாக இருக்கும். மெட்லைன்பிளஸ் என்பது அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, மருந்தின் பெயரைப் போட்டால் பக்க விளைவு வரை நிதானமாகச் சொல்லும். காக்ரேன் என்ற அமைப்பு பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்லும், அதன் சில சுருக்கங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. முதலில் சொன்ன இரண்டு அமைப்புகளும் மருந்துக் கம்பெனிகளிடம் நன்கொடை வாங்குவது உண்டு. வாங்குவதை வெளியில் சொல்கிறார்கள். வீடியோவில் பொடி விற்பவர் எதைச் சொல்கிறார்?

ஆனால் நல்ல பக்கம் என்பதாலேயே அது வடசென்னைக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேல்நாட்டுப் பக்கங்களில் காசநோய் ஓரத்தில் ஒரு வரியாக வரும். இங்கே அது முதல் கேள்வி. அசதியோபிரின், இன்ஃப்ளிக்சிமாப், டோஃபாசிடினிப் மாதிரி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் ஒருநாள் தேவைப்படலாம், அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி எழுந்துவிடக் கூடாது. அதனால் இன்ஃப்ளிக்சிமாப், டோஃபாசிடினிப் தொடங்குவதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும், அதோடு ஹெபடைட்டிஸ் பி சோதனையும் செய்கிறோம். அசதியோபிரினுக்கு முன் ஒரு மரபணு சோதனை பற்றி அந்தப் பக்கங்களில் படிப்பீர்கள். டி.பி.எம்.டி. என்று எழுதியிருப்பார்கள். நம் ஆட்களுக்கு அதைவிட என்.யு.டி.டி. 15 என்ற மரபணுவின் மாறுபாடுதான் அதிகம் தொல்லை தருகிறது. அது இருப்பவருக்கு வெள்ளை அணுக்கள் சட்டென்று விழுந்துவிடும். அதனால் முதல் வாரங்களில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. டாக்டர் சும்மா செலவு வைக்கிறார் என்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள்.

நோய் அடங்கியிருக்கும்போது திடீரென்று பேதி ஆரம்பித்தால் மேல்நாட்டுப் பக்கம் உடனே நோய் திரும்பிவிட்டது என்கிற திசையில் பேசும். மழை வெள்ளம் வடிந்த வாரத்தில் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ அதே பேதி வந்தால் நான் முதலில் குடிதண்ணீரைக் கேட்பேன், மலத்தை சோதனைக்கு அனுப்புவேன். அமீபா, பாக்டீரியா எதுவாகவும் இருக்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது இந்த நோய்க்காரர்களுக்கு சும்மா சொல்கிற புத்திமதி இல்லை. ‘உங்கள் ஐ.பி.டி. நர்சைக் கூப்பிடுங்கள்’ என்று பிரிட்டன் பக்கத்தில் இருக்கும், நமக்கு அப்படி ஒருவர் பெரும்பாலும் கிடையாது. அந்த இடத்தில் ஓ.பி. எந்தக் கிழமை, யாருக்கு போன் போடலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள்.

சாப்பாட்டுப் பகுதியிலும் இதே கதைதான். நோய் சீறும்போது வெள்ளை ரொட்டி சாப்பிடு, பச்சைக் காய் சாலட்டை விடு என்று போட்டிருப்பார்கள். நார் குறைவாக, வெந்து குழைந்ததாக இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள், அதை எடுத்துக்கொண்டு பதார்த்தத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, கஞ்சி. (எங்கள் பாட்டி ஸ்டான்லியைக் கடைசி வரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லுவார். 1782-ல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது.) நோய் அடங்கிய பிறகு கஞ்சியிலேயே இருக்க வேண்டியதில்லை, படிப்படியாக வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறவர் பாலைக் குறைக்கட்டும், மற்றவர் ஏன் நிறுத்த வேண்டும்? மோர் நல்லதுதான், ஆனால் மருந்து இல்லை. மீனை விடச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ரத்தம் போய் வெளிறிக் கிடக்கிற பையனுக்கு சங்கராவும் வஞ்சிரமும் கொடுக்காமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை, குழம்பில் காரத்தை மட்டும் தாங்குகிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ நூடுல்ஸுக்கு மட்டும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். இந்த நோயைக் குணமாக்குகிற பத்தியம் என்று ஒன்று இல்லை. எது சாப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று தம்பியே ஒரு சின்ன நோட்டில் எழுதி வந்தால், அது அவர் உடம்பைப் பற்றியது, நூறு வீடியோவைவிட உதவும்.

இப்போது அந்த 48 நாள். இந்த நோய் அலை மாதிரி. சீறும், அடங்கும், சில சமயம் தானாகவே அடங்கும். புது மருந்துகளைச் சோதிக்கும்போது ஒரு பகுதி ஆட்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுப்பார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆய்வுகளில் அப்படி வெறும் மாத்திரை வாங்கியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நோய் அடங்கியே விட்டது, மூன்றில் ஒருவருக்கு ஓரளவாவது குறைந்தது. ஆக நூறு பேர் ஒரு பொடியைத் தின்றால், பொடியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் முப்பது பேர் ‘எனக்குக் கேட்டது’ என்று வந்து நிற்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மீதி எழுபது பேர் கேமரா முன் வரமாட்டார்கள், எங்களிடம் வருவார்கள். இதே காரணத்தால்தான் ஆங்கிலத்தில் நோயாளிகள் எழுதுவதைப் படித்தால் எல்லாருக்கும் ஆபரேஷன் ஆனது போல் தோன்றும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆறு வருஷமாக ஒழுங்காக வேலைக்குப் போகிறவன் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து எதை எழுதப் போகிறான்? தூங்கிக்கொண்டிருப்பான்.

பேர் போடாத பொடியில் இன்னொரு ஆபத்து, சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் ரத்தம் நிற்கும், பசி எடுக்கும், ‘ஆஹா’ என்று தோன்றும், இரண்டு மாதத்தில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், நிறுத்தினால் பழையதைவிட மோசமாகச் சீறும். டப்பாவோடு எடுத்துப் போகச் சொன்னது அதனால்தான்.

இயற்கையானது கெடுதல் எதையும் செய்யாது என்பதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அவுரி மாதிரிச் செடிகளிலிருந்து எடுக்கும் நீலப்பொடி ஒன்று சீன, ஜப்பானிய மருத்துவத்தில் உண்டு, இந்த நோயில் அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. ஆனால் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியது, 2016-ல் ஜப்பான் அரசே எச்சரிக்கை விட்டது. வேலை செய்கிற பொருள் என்றால் வேறு இடத்திலும் வேலை செய்யும். மஞ்சளுக்கும் ஆய்வு இருக்கிறது. மஞ்சளின் சாரமான குர்குமினை நாளுக்கு 3 கிராம், மெசலமைனோடு சேர்த்து, 50 பேரிடம் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள், பலன் இருந்தது. டெல்லி எய்ம்ஸில் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. வீடியோவில் முதல் ஆய்வு மட்டும் வரும், அதிலும் ‘மெசலமைனோடு சேர்த்து’ என்ற இரண்டு சொல் காணாமல் போயிருக்கும். பால் டம்ளரில் போடுகிற ஒரு சிட்டிகை மஞ்சள் அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. காப்ஸ்யூல் சாப்பிட ஆசை என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, கல்லீரல் பரிசோதனையையும் செய்துகொண்டு.

உண்மையான தகவலே தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதற்கு சிகரெட் ஒன்று போதும். புகைபிடிப்பவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருகிறது, விட்டவர்களுக்குச் சில சமயம் சீறுகிறது, இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது. அதைப் படித்துவிட்டு ‘டாக்டர், நான் திரும்பப் பிடிக்கலாமா’ என்று கேட்டவர் ஒருவர் இருக்கிறார். வேண்டாம், நுரையீரலும் இதயமும் தனியாக ஒரு பில் அனுப்பும்.

மாத்திரையைப் பற்றி ஒரு கணக்கு. நோய் அடங்கிய நிலையில் மெசலமைன் எடுத்துக்கொண்டிருந்தவர்களை இரண்டு வருஷம் கவனித்த ஓர் ஆய்வு 2003-ல் வந்தது. ஒழுங்காகப் போடாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. ரத்தம் நின்றதும் நிறுத்துவதுதான் நம் பழக்கம், காய்ச்சல் மாத்திரை மாதிரி. இது அப்படியில்லை. மலத்தில் மாத்திரையின் கூடு முழுசாக வருவதைப் பார்த்து ‘கரையவே இல்லை’ என்று நிறுத்துபவர்களும் உண்டு. எப்போதாவது வெறும் ஓடு வந்தால் பயமில்லை, உள்ளே இருந்தது போய்ச் சேர்ந்திருக்கும். தினமும் முழு மாத்திரையாகவே வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். உடைத்தோ பொடித்தோ மட்டும் போடக் கூடாது, பெருங்குடலில் போய்த் திறக்கிற மாதிரிதான் அதன் மேல்பூச்சைச் செய்திருக்கிறார்கள். மூட்டு வலி, முதுகு வலி என்றால் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபென் வேண்டாம், நோயைக் கிளப்பிவிடலாம், பாராசிட்டமால் போதும். யார்டில் நாள் முழுக்க நிற்கிற பையன், வலி மாத்திரையை அவரே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கலாம், விசாரியுங்கள்.

ஆசனவாயில் வைக்கிற மருந்தைப் பற்றித் தமிழில் அனேகமாக யாரும் பேசுவதில்லை, அதனால்தான் தம்பியும் தொடவில்லை என்று நினைக்கிறேன். நோய் இருப்பதே அங்கேதான். மலக்குடலுக்கு மேலிருந்து வருகிற மாத்திரையைவிடக் கீழிருந்து வைக்கிற மருந்துதான் அதிகமாகப் போய்ச் சேரும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ராத்திரி படுக்கும் முன், கழிப்பறை போய்விட்டு வந்து, நுனியை லேசாகத் தண்ணீரில் நனைத்து, இடது பக்கம் சாய்ந்து படுத்து வைத்துக்கொண்டால் ஒரு நிமிஷ வேலை. இதை அக்காவாக நீங்கள் சொன்னால் கூச்சப்படுவார். டாக்டரையோ, அந்த ஓ.பி.யில் ஆண் நர்ஸ் இருந்தால் அவரையோ சொல்லச் சொல்லுங்கள்.

ஆங்கிலப் பக்கத்தைப் போனே தமிழாக்கித் தரும், பரவாயில்லை, பயன்படுத்தலாம், கண்ணை மூடிக்கொண்டு மட்டும் வேண்டாம். என்னிடம் ஒருவர் ‘முக்காலியில் ரத்தம் வந்தால்’ என்று அச்செடுத்த தாளைக் கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் மலத்துக்கும் முக்காலிக்கும் ஒரே சொல், இயந்திரத்துக்கு எது என்று தெரியவில்லை. சிரித்துவிட்டோம். ஆனால் அதே தாளில் நோய் அடங்கிய நிலையை ‘குணமாகிவிட்டது’ என்று மாற்றியிருந்தது, அதற்குச் சிரிக்க முடியவில்லை, அதை நம்பித்தான் அவர் மாத்திரையை விட்டிருந்தார். இப்போது எல்லாரும் பேசுகிற ஏ.ஐ. செயலிகளும் அப்படித்தான். ரிப்போர்ட்டில் இருக்கிற ஒரு கடினமான சொல்லை எளிய தமிழில் சொல்லு என்று கேட்கலாம், டாக்டரிடம் என்ன கேள்வி கேட்பது என்று கேட்கலாம். எத்தனை மில்லிகிராம், நிறுத்தலாமா என்று கேட்காதீர்கள். தெரியாததையும் தெரிந்த குரலில்தான் சொல்லும். ரிப்போர்ட்டை அதில் ஏற்றும்போது பெயரையும் நோயாளி எண்ணையும் மறைத்துவிடுங்கள், கல்யாணம் பேசியிருக்கிற பையன்.

கல்யாணம் என்றதும், நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் மனசில் இருப்பது தெரிகிறது. இந்த நோய் உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். பரம்பரைச் சாயல் கொஞ்சம் உண்டு, ஆனால் அப்பாவுக்கு மட்டும் இருக்கும்போது பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. மெசலமைனுக்குப் பதிலாக சல்ஃபாசலசின் எழுதினால் மட்டும் டாக்டரிடம் கல்யாண விஷயத்தைச் சொல்லுங்கள், அது ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். பெண் வீட்டில் சொல்வதா என்று கேட்டால், சொல்லிவிடுங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் தம்பியே அந்தப் பெண்ணிடம் சொல்வது நல்லது. ‘எனக்கு அல்சர்’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். அவளும் அன்று ராத்திரி போனில் தேடுவாள். சரியான பெயரைச் சொல்லி, முடிந்தால் அடுத்த ஓ.பி.க்கு அவளையும் அழைத்து வரட்டும்.

அதுவரை தம்பி வேலைக்குப் போகும் வழியில் அவசரம் வந்துவிடும் என்று பயந்து காலையில் பட்டினியாகக் கிளம்புகிறாரா என்று பாருங்கள், நிறையப் பேர் அப்படிச் செய்து எடை இழக்கிறார்கள். அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது, ஸ்டேஷனில் கழிப்பறையும் இருக்கிறது. பாதி வழியாவது அதில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் இடையில் மாட்டுகிற நேரம் குறையும். சூப்பர்வைசரிடம் கொடுக்க, கழிப்பறை வசதி தேவை என்று ஒரு சான்றிதழ் கேட்டால் டாக்டர் எழுதித் தருவார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் நாளைக்கு ரிப்போர்ட்டோடு கையில் எடுத்துப் போங்கள்.